மூண்டு அறை எண்டு போட்டு ஒண்டைப் பூட்டி வைக்கிற புண்ணியவான்களுக்கு

"வெள்ளவத்தை, கடற்கரைப் பக்கம். 3 அறை, 2 குளியலறை. காலி வீதிக்கு 2 நிமிடம், கடற்கரைக்கு 2 நிமிடம். சிறிய சைவக் குடும்பம் விரும்பத்தக்கது." இந்த வாடகை விளம்பரம் இந்த ஞாயிறு பேப்பரிலயும் வந்திருக்கு. அதே வீடு, அதே வசனம், வாடகை மட்டும் போன முறையைவிடக் கூட. ஏன் இன்னும் ஆள் வரேல்லை எண்டு ஓனருக்கு விளங்கேல்லையாம். சரி, விளங்கப்படுத்துவம்.

அந்த மூண்டாவது அறைக்கு ஆமைப்பூட்டுப் போட்டிருக்கு ஐயா. அதுதான் காரணம்.

உந்த நாடகத்தைப் பாக்காத வாடகைக் குடும்பம் வெள்ளவத்தையில, அதுதான் கொழும்பு 6இல, இருக்கோ? புரோக்கர் முதலாவது அறையைக் காட்டுவார், லைட்டைப் போட்டு நூப்பார். ரெண்டாவது அறையில அலுமாரியைத் திறந்து "அஞ்சு பேரின்ர உடுப்பு வைக்கலாம்" எண்டுவார். குசினிக் குழாயைத் திறந்து பூட்டுவார். பல்கனிக்குக் கூட்டிக்கொண்டு போய், உங்கட கழுத்தை இடப்பக்கம் திருப்பச் சொல்லி, ரெண்டு கட்டிடத்துக்கு நடுவால தெரியிற அரை முழக் கடலைக் காட்டுவார். மூண்டாவது கதவுக்குக் கிட்ட வரேக்க மட்டும் ஆளுக்குப் போன் அடிக்கும். "அதுக்குள்ள ஓனரின்ர சாமான் கொஞ்சம் கிடக்கு. நீங்கள் அதைப் பற்றி யோசியாதேங்கோ."

யோசியாதேங்கோவாம். வாடகை எத்தினை அறைக்கு? மூண்டுக்கு. அட்வான்ஸ் எத்தினை அறைக்கு? மூண்டுக்கு. புரோக்கர் காசு? அதுவும் மூண்டு அறைக் கணக்கில ஒரு மாச வாடகை. பாவிக்கிறது ரெண்டு. அந்த "கொஞ்சச் சாமான்" என்னெண்டு எல்லாருக்கும் தெரியும்: ஓடாத பிரிட்ஜ், மூண்டு சூட்கேஸ், கலியாண அல்பம், பொலித்தீன் சுத்தின மெத்தை, ஆரோ பாவிச்சு முடிச்ச சக்கர நாற்காலி. ஓனர் கனடாவில, ஸ்காபரோவில. நல்லூர்த் திருவிழாவுக்கு வரேக்க ரெண்டு கிழமை "அந்த அறையில மட்டும்" தங்குவினமாம். அந்த அறையில மட்டும் எண்டால் குளிக்கிறது எங்க? தேத்தண்ணி வைக்கிறது எங்க? உங்கட வீட்டில, உங்கட காஸில, உங்களுக்கே விருந்தாளி மாதிரி இல்லாமல் வீட்டுக்காரராய்.

பகிடி இன்னும் முடியேல்லை. விளம்பரத்தில 2 குளியலறை. ஒண்டு ஹோலுக்குப் பக்கத்தில கிடக்கு. மற்றது எங்க? பூட்டின அறைக்குள்ள! அதாவது 3 அறை 2 குளியலறை வீடு, பூட்டுக்கு வெளியில 2 அறை 1 குளியலறை. வாடகை மட்டும் பூட்டைத் தாண்டி உள்ள போய் வரும்.

இது வெறும் இட வசதிப் பிரச்சினை இல்லை. கடலில இருந்து ரெண்டு வரிசைக்குள்ள ஒரு அறையைப் பத்து மாசம் பூட்டி வைச்சால் என்ன நடக்கும்? உப்புக் காத்தும் ஈரமும் வெளியில போக வழியில்லாமல் சுவரில பூஞ்சணம் பிடிக்கும். அது கதவுக்குக் கீழால உங்கட பக்கம் வரும். கரப்பான் அந்த அட்டைப் பெட்டிகளுக்குள்ள குடும்பம் நடத்தும். அந்த உள் குளியலறைக் குழாய் ஒழுகினால் கீழ் வீட்டுக்காரர் வந்து தட்டுறது உங்கட கதவை. சாவி ஸ்காபரோவில. அங்கயும் இஞ்சயும் கோடையில ஒன்பதரை மணித்தியாலம், மாரியில பத்தரை மணித்தியாலம் வித்தியாசம். நீங்கள் மத்தியானம் எடுத்தால் அவை நித்திரை. அவை எழும்பி "மச்சானிட்டைச் சொல்லுறன்" எண்டு மெசேஜ் போடேக்க இஞ்ச பின்னேரம் ஆறு மணி, பிளம்பர் வீட்டை போட்டான். அந்த மச்சானிட்டையும் சாவி இல்லை எண்டுறது அடுத்த நாள்தான் தெரியும்.

இப்பிடி வீட்டை எடுத்தே ஆகவேணும் எண்டால் மூண்டு விசயத்தை எழுத்தில வாங்குங்கோ. ஒப்பந்தத்தின்ர அட்டவணையில அந்த அறையும் குளியலறையும் உங்களுக்குத் தரப்படேல்லை எண்டு இருக்க வேணும். அப்பதான் வாடகையைக் குறைக்கச் சொல்லிக் கதைக்க வாய் வரும். ஒரு சாவி கவருக்குள்ள போட்டு ஒட்டி, கையெழுத்து வைச்சு, இஞ்ச இருக்கிற ஒரு ஆளிட்டை இருக்க வேணும். அந்தக் குளியலறைக்குப் போற தண்ணியை வெளியில இருந்தே பூட்ட வால்வ் இருக்கோ எண்டு பாக்க வேணும். இல்லாட்டில் ஒண்டு போடச் சொல்லுங்கோ.

ஒப்பந்தம் எண்டதும் இன்னொரு வயித்தெரிச்சல். ஒரு வருசத்துக்கு வீட்டைத் தந்துபோட்டு, கடையில வாங்கின படிவத்தில முத்திரை ஒட்டிக் கையெழுத்து வைச்சால் காணும் எண்டு சொல்லுற ஆக்களை என்ன செய்யிறது? 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் எண்டு ஒண்டு இருக்கு. ஒரு மாசத்துக்கு மேற்பட்ட குத்தகை எண்டால் நொத்தாரிசும் (உறுதி எழுதுற சட்டத்தரணி) ரெண்டு சாட்சியும் வேணும். விக்டோரியா மகாராணி காலத்துச் சட்டம், இண்டைக்கும் உயிரோட இருக்கு. "நொத்தாரிசுக்கு வீண் செலவு" எண்டு ஓனர் சொல்லுறது உங்கட காசைப் பாத்து இரக்கப்பட்டு இல்லை. உறுதி பதிஞ்சால் நீங்கள் அந்த விலாசத்தில இருக்கிறதுக்குச் சாட்சி வந்திடும். பிறகு வாக்காளர் இடாப்பில பேர் பதியக் கேப்பியள் எண்டு பயம்.

அந்தப் பேர்தான் முக்கியம். கனபேர் இந்தப் பக்கம் வாறதே பிள்ளையை முதலாம் வகுப்பில சேக்க. கிட்டடியில இருக்கிறம் எண்டு விண்ணப்பிக்கிறதுக்கு வாக்காளர் இடாப்பில எத்தினை வருசம் பேர் இருக்கு, வதிவிட ஆவணம் என்ன எண்டு பாத்துத்தான் புள்ளி. நீங்கள் கேக்கிற பள்ளிக்கூடத்தைவிட உங்கட வீட்டுக்குக் கிட்ட, பிள்ளையைச் சேக்கக்கூடிய வேற அரச பாடசாலை இருந்தால் ஒவ்வொண்டுக்கும் புள்ளி கழியும். இது தெரியாமல் "பள்ளிக்கூடம் கிட்ட" எண்ட ஒரு சொல்லுக்காக வாடகையைக் கூட்டிக் குடுத்து, பேர் பதிய விடாத ஓனரிட்டை மாட்டினால், பள்ளிக்கூட மணிச் சத்தம் மட்டும் கிட்டக் கேக்கும். வீடு பாக்கப் போற அண்டைக்கே கேளுங்கோ: "கிராம சேவகரிட்டைப் பேர் பதியலாமோ?" பதில் வர நேரமெடுத்தால் செருப்பைப் போடுங்கோ.

இதுக்கெல்லாம் முதல் அவை எங்களைக் கேள்வி கேப்பினம். "ஊர் எது?" யாழ்ப்பாணம். "யாழ்ப்பாணத்தில எவடம்?" ஊர்ப் பேரைச் சொன்னால் காணாது. "அதில எந்தப் பக்கம்? கோயிலுக்குக் கிழக்கையோ மேற்கையோ?" வாடகை குடுக்கப் போறவனிட்டைத் திசை கேக்கிறது சாதியை அறியத்தான் எண்டு கேக்கிறவைக்கும் தெரியும், சொல்லுறவைக்கும் தெரியும். மலையகம் எண்டு சொன்னால் வீடு அந்த நிமிசமே "இப்பதான் ஆள் எடுத்திட்டுது". 2007 ஜூன் 7ஆம் திகதி விடியப்புறம் கொழும்பு லொட்ஜ்களில இருந்த எங்கட சனத்தைக் காரணமில்லாமல் நிக்கிறியள் எண்டு பொலிஸ்காரர் பஸ்ஸில ஏத்தி ஊருக்கு அனுப்பினவங்கள். அடுத்த நாள் உயர் நீதிமன்றம் மறிக்க வேண்டி வந்தது. "ஊர் எது?" எண்ட கேள்வியில அடிபட்ட சனம் இண்டைக்குத் தன்ர வீட்டு வாசலில நிண்டு அதே கேள்வியைக் கேக்குது. கேக்கிற வாய்க்குக் கூச்சமே இல்லை.

கரண்ட் பில்லுக்கு வருவம். பழைய வீட்டை மூண்டு அனெக்ஸாப் பிரிச்சு ஒரே மீட்டரில விட்டிருக்கிற இடம் கனக்க. கட்டணம் படிப்படியா ஏறுறது: மாசம் 60 அலகைத் தாண்டின வீட்டுக்கு 0–60, 61–90, 91–120, 121–180, 180க்கு மேல. தனி மீட்டரில நீங்கள் 80 அலகு எரிச்சால் 61–90 படியோட நிப்பியள். அதே 80ஐ மூண்டு வீடும் ஒரே மீட்டரில எரிச்சால் 240. கடைசி 60 அலகும் உச்சப் படியில. நிலையான கட்டணமும் கூடின படியில. அதோட முடிஞ்சால் பரவாயில்லை. ஓனர் உப மீட்டர் ஒண்டைப் போட்டு, உச்சப் படி விலையிலேயே உங்கட 80 அலகையும் பெருக்குவார். மூண்டு வீட்டிட்டையும் அப்பிடி வாங்கினால், கரண்ட் பில்லுக்குக் கட்டினது போக மிச்சம் ஆருக்கு? ஆகவே வீட்டுக்குத் தனிக் கணக்கு இலக்கம் இருக்கோ எண்டு கேளுங்கோ, கடைசி மூண்டு மாசப் பில்லையும் கண்ணால பாருங்கோ. தண்ணிப் பில்லும் அப்பிடித்தான். நிலத் தொட்டியில இருந்து மேல் தொட்டிக்கு ஏத்துற மோட்டர் ஆற்றை மீட்டரில ஓடுது எண்டு கேக்க மறந்தால் அது உங்கட மீட்டரிலதான் ஓடும்.

தண்ணியைப் பாக்கிறதெண்டால் காலமை ஆறரைக்குப் போங்கோ, முழுக் கட்டிடமும் குளிக்கிற நேரம். ஷவர், குசினிக் குழாய், கொமட் பிளஷ், மூண்டையும் ஒண்டாத் திறவுங்கோ. புரோக்கர் முழிசுவார், முழிசட்டும்.

"கடற்கரைக்கு 2 நிமிடம்." உண்மை. மெரின் டிரைவ், அதுக்கங்கால கோச்சித் தண்டவாளம், அதுக்கங்கால கன இடத்தில கருங்கல் குவியல். காலை நனைக்கிறதெண்டால் தண்டவாளத்தைக் கடக்க வேணும். கோச்சி ஹோர்ன் அடிக்கேக்க அலுமாரிக் கண்ணாடி கிணுகிணுக்கும். பின்னேர ஒபிஸ் கோச்சி நேரம் போய் ஹோலில பத்து நிமிசம் நிண்டு பாருங்கோ. மேற்குப் பாத்த படுக்கையறை எண்டால் பின்னேர வெயிலை முழுக்கக் குடிச்ச சுவர் இரவு பத்து மணிக்கும் சுடும். மே மாசம் தென்மேல் பருவக்காத்து தொடங்கினால் அதே பக்க யன்னல் விளிம்பால மழை உள்ளுக்கு வரும். அந்தப் "கடல் காத்து" ஏசியின்ர வெளிப் பெட்டித் தகட்டைத் தின்னும்: விரலால தொட்டுப் பாருங்கோ, பொடியா உதிர்ந்தால் அடுத்த காஸ் நிரப்புற செலவு உங்கட தலையில. பல்கனிச் சிலாப்பின்ர அடியைப் பாருங்கோ. மண்ணிறக் கோடு இருந்தால் உப்பு உள்ள போய்க் கம்பி கறள் பிடிச்சிட்டுது. கறள் கம்பியைவிடக் கூட இடம் பிடிக்கும், அதால கொங்கிறீட் வெடிச்சுத் துண்டு துண்டா விழும். விரல் மொழியால தட்டினால் பொள்ளல் சத்தம் வரும். முழு வீட்டிலயும் அந்தச் சிலாப்புக்கு மட்டும் புதுப் பெயின்ற் அடிச்சிருந்தால் கேள்வியே வேண்டாம்.

பக்கத்தில மாமரமும் முத்தமுமா ஒரு பழைய தனி வீடு இருந்தால் "காத்தோட்டம்" எண்டு மகிழாதேங்கோ. அந்த வீட்டுக்காரருக்கு எத்தினை வயசு, பிள்ளையள் எந்த நாட்டில எண்டு விசாரியுங்கோ. அது விக்கப்பட்டால் அடுத்து அத்திவாரத்துக்குத் தூண் இறக்கிற பைலிங் மெசின், பிறகு உங்கட பல்கனிக்கு முன்னால ஒன்பது மாடிச் சுவர்.

கணக்கைப் போட்டுப் பாருங்கோ. வாடகை ஒரு லட்சம் எண்டு வையுங்கோ. ஆறு மாச அட்வான்ஸ் ஆறு லட்சம், முதல் மாசம் ஒண்டு, புரோக்கருக்கு ஒண்டு. எட்டு லட்சம், ஒரு கேத்திலும் இறக்கி வைக்க முதல். நாலாம் மாடி, லிப்ட் இல்லை. 12.5 கிலோ காஸ் உள்ள சிலிண்டர், இரும்பின்ர பாரத்தையும் சேத்து ஆர் தூக்கிறது எண்டு அப்பதான் யோசினை வரும்.

அப்ப ஏன் எல்லாரும் இஞ்சயே வந்து விழுகினம்? கொட்டாஞ்சேனைக்குப் போகலாம், துறைமுக லொறியோட மல்லுக்கட்ட வேணும். வத்தளையில அதே காசுக்கு முத்தத்தோட வீடு வரும். 2021இல புது களனிப் பாலம் திறந்தும் காலமை பேலியகொடையில நிண்டு உங்கட வயசைக் கூட்டலாம். தெகிவளை ஒரு கால்வாய்க்கு அங்கால, வாடகை இறங்கும், ஆனா "கொழும்பு 6" எண்டு கலியாணக் காட்டில போடேலாதாம். இடியப்பம், வாழைப்பூ, முருங்கையிலை, தமிழ் தெரிஞ்ச டொக்டர், தமிழ்ச் சங்க நூலகம், எல்லாம் நடை தூரத்தில இருக்கு எண்டுறது பொய்யில்லை. அந்த உண்மையை வைச்சுத்தான் எங்களை உரிக்கினம். புரோக்கருக்கு உது நல்லாத் தெரியும். அதாலதான் பூட்டுக்கு முன்னால நிண்டும் சிரிக்கிறான்.

சிரிப்புத்தான் வருது போங்கோ. இவ்வளவையும் சொன்ன பிறகும் அடுத்த ஞாயிறு பேப்பரை விரிச்சு முதல் தேடப்போறது "வெள்ளவத்தை" எண்ட தலைப்பைத்தான்.

அதுசரி, வீடு பாத்து அலுத்துப்போய் 100ஆம் நம்பர் பஸ்ஸில ஏறினால், அந்தக் கொண்டக்டர்மார் மிச்சக் காசைத் தராமல் "இறங்கேக்க தாறன்" எண்டுறதை ஆரும் கேக்கிறியளோ? இறங்கேக்க ஆள் பின் கதவில, நாங்கள் முன் கதவில. கேட்டால் பஸ் எடுபடும். ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு பஸ்ஸிலயும். ஒருநாளாவது சில்லறை இருந்த கொண்டக்டரைக் கண்ட ஆக்கள் கை தூக்குங்கோ பாப்பம்!