வடிகானை மூடி லீக்ஸ் நட்ட புண்ணியவானுக்கு

நேற்றுப் பிற்பகல் அடித்த மழையில் என் கரட் பாத்திகள் அடியோடு போய்விட்டன. மழையை நான் திட்டவில்லை. மே மாதத்தில் இலங்கை மலையகத்துத் தலவாக்கலையில் மழை பெய்யாமல் வேறென்ன பெய்யும்? என் ஆத்திரமெல்லாம் மேல் பங்குக்காரர் மீதுதான்.

எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் உள்ள சரிவில் சில குடும்பங்கள் சேர்ந்து மரக்கறி செய்கிறோம். ஒவ்வொரு பங்குக்கும் நடுவே, சரிவுக்குக் குறுக்காக ஒரு வடிகான் உண்டு. மேலிருந்து இறங்கும் தண்ணீர் அதில் விழுந்து ஓரமாக ஓடிவிட வேண்டும். மலைக்காணியில் இது அரிச்சுவடி. இந்த மனிதரோ சித்திரை வருடப்பிறப்பு முடிந்த கையோடு கானை மண் போட்டு மூடி, இரண்டு வரிசை லீக்ஸ் நட்டுவிட்டார். இடம் வீணாகிறதாம்! இத்தனைக்கும் தேயிலை மலையில் கான் வெட்டியே பெயர் வாங்கியவர் அவர். சம்பளத்துக்கு என்றால் கயிறு பிடித்து வெட்டத் தெரிகிறது. சொந்தப் பங்கில் மட்டும் மறந்துவிடுகிறது.

வந்து பாருங்கள். விரல் நீளம் வளர்ந்த கரட் பயிர் சேற்றோடு நடைபாதையில் கிடக்கிறது. கோவாவின் (முட்டைக்கோஸ்) வேர்கள் வெள்ளை நூலாக வெளியே தொங்குகின்றன. மண் புளித்துக் கிடக்கிறதே என்று காசு கொடுத்து வாங்கித் தூவிய டொலமைட் சுண்ணாம்பு, மாட்டெரு எல்லாம் ஆற்றோடு போய் மேல் கொத்மலை நீர்த்தேக்கத்தில் சேர்ந்திருக்கும். 1951ஆம் ஆண்டிலேயே மண் பாதுகாப்புக்கென்று சட்டம் போட்ட நாடு இது. அந்தச் சட்டம் லயத்துப் பின்புறம் வரை நடந்து வருமா என்ன!

நியாயம் கேட்டால், "லீக்ஸ் பிடுங்கட்டும் தங்கச்சி, பிறகு பார்க்கலாம்" என்கிறார். லீக்ஸ் முற்ற இன்னும் மாதக்கணக்கில் ஆகும். மாதக் கடைசியில் வரும் தென்மேல் பருவமழை அதுவரை அவர் வீட்டு வாசலில் காத்து நிற்குமா?

பெரியவர்கள் அதற்கு மேல். "ஒரே லயத்துச் சனம், விட்டுக்கொடுத்துப் போ மகள்." எப்போதும் விட்டுக்கொடுப்பது கீழே இருப்பவள்தானா? கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த கையோடு இருட்டும் வரை களை பிடுங்குகிறேன். அப்போது எட்டிப் பார்க்காதவர்கள், கோவா உருண்டு நிற்கும்போது மட்டும் "ஒன்று தாங்களேன்" என்று வந்து நிற்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மண்வெட்டியோடு போகிறேன். கான் இருந்த இடத்திலேயே கான் வெட்டுவேன். லீக்ஸ் வேண்டுமென்றால் சனிக்கிழமையே பிடுங்கிக்கொள்ளட்டும்.