58 எம்எம் கேஸ்கெட் என்று ஒன்று கிடையாது

எஸ்பிரஸ்ஸோ மெஷினில் வெந்நீர் இறங்கும் தலைப்பகுதிக்கும் (குரூப்), தூள் போட்டு மாட்டும் கைப்பிடிக்கும் (போர்ட்டாஃபில்டர்) நடுவே கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்தான் குரூப் கேஸ்கெட். அதைக் கடையில் கேட்டால், "58 எம்எம்தானே, எல்லாத்துக்கும் சேரும்" என்று தலையில் கட்டிவிடுகிறார்கள். 58 என்பது தூள் போடும் பாஸ்கெட்டின் அளவு. அதற்கும் கேஸ்கெட்டுக்கும் என்ன சம்பந்தம்? ஈ61 என்ற பரவலான வகை குரூப் என்றால் வெளிவிட்டம் 73, உள்விட்டம் 57, கனம் 8 அல்லது 8.5 மில்லிமீட்டர். அந்த அரை மில்லிமீட்டரில்தான் எல்லாம் இருக்கிறது. சன்னமானதைப் போட்டால் கைப்பிடி நேராக நிற்காமல் வலப்பக்கம் தாண்டிப் போகும். 9 பார் அழுத்தம் ஏறியதும் விளிம்பில் தண்ணீர் கசியும். தடித்ததைப் போட்டால் கைப்பிடி பாதியிலேயே நின்றுவிடும். அதைப் பலங்கொண்டு முறுக்கித்தான் பலர் போர்ட்டாஃபில்டரின் காதுகளை, அதாவது மெஷினில் மாட்டிக்கொள்ளும் பக்கவாட்டு நீட்டல்களை, தேய்த்துவிடுகிறார்கள்.

மாற்றுவதும் லேசான வேலையில்லை. சூட்டில் கிடந்த பழைய ரப்பர் கல்லாக இறுகி, நெம்பினால் துண்டு துண்டாக உடையும். பள்ளத்தில் ஒரு துணுக்கு மிஞ்சினாலும், கரிந்த காபிப் படலம் ஒட்டியிருந்தாலும் புதியது கோணலாகத்தான் உட்காரும். சுரண்டித் துடைத்த பிறகே போட வேண்டும். சிலிக்கோன் கிடைத்தால் அதையே வாங்குங்கள், சீக்கிரம் இறுகாது.

இவ்வளவு பாடுபட்டுப் போடுகிற பொருளின் பாக்கெட்டில் கனத்தை அச்சிடக்கூட மனம் வரவில்லையே! கடையில் ஒரு வெர்னியர் காலிப்பர் வைத்து அளந்து கொடுத்தால் என்ன?