லைப்சிக்கில் ஐம்பது வயது

ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனியில் கடை திறப்பதில்லை என்று இங்கே புதிதாக வரும் நம் பிள்ளைகள் ஓயாமல் குறைபடுகிறார்கள். அவர்கள் வயதுக்கு அது நியாயம்தான். ஐம்பதைத் தாண்டிய எனக்கு அந்த மூடிய கடைகள்மீது தனிப் பிரியமே உண்டு.

1919-ஆம் ஆண்டு ஜெர்மனி ஏற்ற வைமார் அரசியலமைப்பின் 139-ஆவது பிரிவு, ஞாயிற்றுக்கிழமையை வேலைக்கு ஓய்வு தரும் நாளாகவும் மனம் உயர்வதற்கான நாளாகவும் பாதுகாத்தது. போருக்குப் பின் 1949-இல் வந்த அரசியலமைப்புச் சட்டமும் அந்தப் பிரிவை அப்படியே எடுத்துக்கொண்டது. ஒரு நாட்டின் அடிப்படைச் சட்டத்தில் ஓய்வுக்கு இடம் இருப்பது எனக்கு மிகப் பெரிய விஷயம். நான் வளர்ந்த வீட்டில் ஞாயிறு என்றால் அம்மாவுக்கு இரட்டை வேலை. கறிக்குழம்பு, வாரத் துணி, பிள்ளைகளுக்குத் தலைக்கு எண்ணெய், மதியத்துக்கு மேல் உறவினர்கள், அவர்களுக்குப் பலகாரம். ஐம்பது வயதில் அம்மாவுக்கு என்ன பிடித்திருந்தது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. யாரும் கேட்டதில்லை.

இதை எழுதுவதற்குக் காரணமும் அதுதான். வெளிநாட்டு வாழ்க்கை என்று பேச்செடுத்தால் ஒன்று சம்பாத்தியம் பற்றிப் பேசுகிறோம், இல்லையென்றால் ஊர் ஏக்கம். நடுவயதுப் பெண் ஒருத்தி இங்கே சந்தோஷமாக இருக்கிறேன் என்று சொன்னால், ஊரை மறந்துவிட்டாள் என்று எடுத்துக்கொள்கிறார்கள். நான் ஊரை மறக்கவில்லை. சந்தோஷமாகவும் இருக்கிறேன். அந்தச் சந்தோஷத்துக்குப் பெரிய செலவு எதுவும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நான் வசிக்கும் லைப்சிக் நகரத்தின் தெற்கே கோஸ்புடன் ஏரி இருக்கிறது. ஆற்றோரக் காட்டுக்குள்ளேயே சைக்கிள் மிதித்துப் போய்விடலாம். இயற்கையான ஏரி இல்லை அது. கிழக்கு ஜெர்மனி காலத்தில் பழுப்பு நிலக்கரி தோண்டிய திறந்தவெளிச் சுரங்கம். நெய்வேலியைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பள்ளத்தை விளக்கத் தேவையில்லை. நெய்வேலியில் மண்ணை வாரும் ராட்சதச் சக்கர இயந்திரங்களில் பல ஜெர்மனியிலிருந்து போனவைதான். பெர்லின் சுவர் விழுந்த பிறகு சுற்றுவட்டார மக்கள் எதிர்த்துத் தெருவில் இறங்கினார்கள். 1992-இல் சுரங்கத்தை மூடினார்கள். பள்ளத்தில் தண்ணீரை நிரப்பி, கரையில் மரம் வைத்து, 2000-இல் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். குளிக்கக் கட்டணம் கிடையாது.

நான் நீச்சல் கற்றதே நாற்பதுக்கு மேல்தான், நகரத்து நீச்சல் குளத்தில் பெரியவர்களுக்கு நடத்தும் வகுப்பில். இப்போது கோடை மாலைகளில் வேலை முடிந்து நேரே ஏரிக்குப் போகிறேன். அங்கே அறுபது, எழுபது வயதுப் பெண்கள் தொங்கிய வயிறும் அறுவை சிகிச்சைத் தழும்புமாகச் சாதாரணமாகத் தண்ணீரில் இறங்குகிறார்கள். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. என் உடம்பை நானே முதல்முறையாக நட்போடு பார்த்தது அந்தக் கரையில்தான். இளமையில் எங்களுக்குக் குளம் இருந்தது, கிணறு இருந்தது. ஆனால் வயதுக்கு வந்த பெண் நீந்துவதற்குத்தான் இடம் இல்லை. இதைச் சொல்வதால் யாருக்கும் வருத்தம் வரவேண்டாம். நடந்ததைச் சொல்கிறேன்.

அப்புறம் வெள்ளிக்கிழமை மாலை 6 மணி. தோமாஸ் தேவாலயத்தில் சிறுவர்களின் பாடகர் குழு பாடும் நேரம். 1212-இலிருந்து வரும் குழு அது. 1723 முதல் 1750-இல் சாகும்வரை அந்தக் குழுவுக்குப் பொறுப்பாக இருந்தவர் இசையமைப்பாளர் பாக். இன்று அதே தேவாலயத்தில்தான் அவர் கல்லறையும் இருக்கிறது. உள்ளே போகச் சில யூரோ போதும். நான் கிறிஸ்தவப் பெண் இல்லை, மேற்கத்திய இசைப் பயிற்சியும் கிடையாது. ஆனால் பல குரல்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு போய்க் கடைசியில் ஒரே இடத்தில் வந்து சேரும்போது, ஒரு வாரத்து அலுவலக இறுக்கம் தோளிலிருந்து இறங்குவது எனக்குத் தெரிகிறது.

பயணமும் அப்படித்தான். 2023 மே மாதம் 49 யூரோவுக்கு வந்த டாய்ச்லாண்ட் டிக்கெட் என்ற மாதப் பயணச்சீட்டு இந்த 2026-இல் 63 யூரோவாகிவிட்டது. ஏறியது வருத்தம்தான், ஆனாலும் நாடு முழுக்க ட்ராம், பஸ், உள்ளூர் ரயில் எல்லாவற்றுக்கும் அதுவே போதும். ஒரு ஞாயிறு எஸ்-பான் என்ற உள்ளூர் ரயிலில் ஏறிப் பக்கத்து நகரமான ஹாலேக்குப் போனேன். தரங்கம்பாடிக்கு 1706-இல் வந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு படித்த ஊர். அங்குள்ள ஃபிராங்கே நிறுவனத்தில் தமிழ் ஓலைச்சுவடிகளைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். என் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் தமிழ் ஓலைகள் உள்ள ஊர்! அன்று ரயிலில் திரும்பும்போது இந்த நிலத்தோடு எனக்கு ஒரு பழைய உறவு இருப்பதாகவே பட்டது.

எல்லாம் இனிமை என்று சொன்னால் அது பொய். 2024-இல் எங்கள் சாக்சனி மாநிலத் தேர்தலில், வெளிநாட்டவர் குடியேற்றத்தை எதிர்க்கும் வலதுசாரி ஏஎஃப்டி கட்சி 30 சதவீதத்துக்கு மேல் வாக்கு வாங்கியது. மறுநாள் ட்ராமில் எதிரே உட்கார்ந்தவர்களின் முகத்தைப் பார்த்து, இவர் யாருக்குப் போட்டிருப்பார் என்று யோசித்தேன். அந்த யோசனை இன்றும் முழுதாகப் போகவில்லை. சிறு நகரங்களுக்குப் போகும்போது இருட்டுவதற்குள் திரும்பிவிடுகிறேன். இது எனக்குக் கோபம் தருகிறது. ஆனால் அந்தக் கோபத்துக்காக ஏரியையும் பாட்டையும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். இந்த ஊருக்கு வரி கட்டுகிறேன், இவை எனக்கும் சொந்தம்.

தோட்டத்தைச் சொல்லாமல் முடித்தால் என் தோழிகள் விடமாட்டார்கள். நகரத்தார் குத்தகைக்கு எடுத்துப் பயிரிடும் சிறு தோட்டத்தை இங்கே ஷ்ரேபர் தோட்டம் என்பார்கள். அது பிறந்ததே லைப்சிக்கில்தான். 1860-களில் ஒரு பள்ளித் தலைமையாசிரியர், மறைந்த மருத்துவர் ஷ்ரேபரின் பெயரில் பிள்ளைகள் விளையாட ஓர் இடம் உண்டாக்கினார். அதன் ஓரத்தில் சிறுவர்களுக்காகப் போட்ட பாத்திகளை நாளடைவில் பெற்றோர்களே எடுத்துக்கொண்டார்கள். இன்று சட்டப்படி ஒரு மனைக்கு 400 சதுர மீட்டருக்கு மேல் கூடாது. மூன்றில் ஒரு பங்கிலாவது காய், கனி விளைய வேண்டும். குத்தகை மிகக் குறைவு, காத்திருப்போர் பட்டியல்தான் நீளம். என் முறை வந்தபோது நான் அழுதுவிட்டேன்.

ஏப்ரலில் நான் தக்காளிக் கன்றைத் தூக்கிக்கொண்டு போனால் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் வேலிக்கு வந்துவிடுவார். "அவசரப்படாதீங்க, மே 15 தாண்டட்டும்." கடைசி உறைபனி அதுவரை வரலாம் என்பது இங்கே கணக்கு. அவர் சொல்லித்தான் மண்ணைப் பற்றி எல்லாம் கற்றேன். அவருக்கு நான் வெந்தயக்கீரை கொடுத்தேன். இப்போது அவரே விதைக்கிறார். கொத்தமல்லி, முள்ளங்கி தாராளமாக வருகின்றன. வெண்டை கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்தால் ஒழுங்காகக் காய்க்கிறது. முருங்கையை ஒரு குளிர்காலம் முடித்துவிடும், அந்த ஆசை வேண்டாம்.

இந்த ஊரில் புதிதாக நடுவயதைத் தொடும் பெண்கள் யாராவது இதைப் படித்தால், முதலில் தோட்டச் சங்கத்தில் பெயர் கொடுத்து வையுங்கள். இந்த வருடம் நான் குட்டைப் பாகல் போடப் போகிறேன். கூண்டுக்குள் வளர்த்துப் பார்த்தவர்கள் இருந்தால் எப்போது விதைத்தீர்கள் என்று கீழே சொல்லுங்கள்.