வடை பொரித்த எண்ணெயை டாங்கில் ஊற்றாதீர்கள்

கொழும்பில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கத்து வட்ஸ்அப் குழுக்களில் ஒரு குரல் பதிவு சுற்றுகிறது: "வெளிநாட்டு நகர பஸ்கள் வடை பொரித்த எண்ணெயில்தான் ஓடுகின்றன. வடிகட்டி உங்கள் வான் வண்டியிலும் ஊற்றுங்கள், டீசல் காசு மிச்சம்." இது பொய். 2022இல் டீசலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்ற ஊர் இது. மிச்சம் என்றதும் நம்பிவிடுவார்கள் என்பதுதான் என் பயம்.

பஸ்களில் பரிசோதிப்பது பயோடீசல். எண்ணெயோடு மெதனோலும் சோடியம் ஹைட்ரொக்சைட் போன்ற வினையூக்கியும் சேர்த்துச் சூடாக்கினால் கிளிசரின் பிரிந்து அடியில் இறங்கும். மேலே நிற்பதைக் கழுவி, ஈரம் நீக்கி, தரம் பார்த்த பிறகுதான் அது எரிபொருள். அதையும் பெரும்பாலும் கலந்தே ஊற்றுகிறார்கள்: பி20 என்றால் 20 சதவீதம் பயோடீசல், மீதி சாதாரண டீசல்.

வடிகட்டினால் துகள் போகும், தடிப்பு போகாது. சமையல் எண்ணெய் டீசலைவிடப் பத்து மடங்கு அளவுக்குத் தடிப்பானது. எஞ்சினுக்குள் எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டரில் நுண்துளியாகச் சிதறாமல் அரைகுறையாக எரியும். கரி படியும், பிஸ்டன் ரிங் ஒட்டிக்கொள்ளும். தேங்காய் எண்ணெய் இன்னும் மோசம், ஏறக்குறைய 24 பாகை செல்சியஸிலேயே உறையத் தொடங்கும். குளிரான நுவரெலியா மலை ஏறும் வானை நினைத்துப் பாருங்கள்.

சரி, அப்படியென்றால் பயோடீசலே எஞ்சினைக் கெடுக்குமா? அதுவும் இல்லை. இந்தோனேசியா 2020இல் 30 சதவீதக் கலவையைக் கட்டாயமாக்கியது. பழைய டாங்கின் கசடை அது கரைப்பதால் ஆரம்பத்தில் பில்டர் அடைக்கலாம். உங்கள் வண்டி எத்தனை சதவீதம் தாங்கும் என்பதைத் தயாரிப்பாளரின் கையேட்டில் பாருங்கள்.