லூத்தருக்கு முன்னரே ஜெர்மன் விவிலியம்

ஜெர்மன் மொழியில் விவிலியத்தை முதன்முதலில் மொழிபெயர்த்தவர் கிறித்தவச் சமயச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பள்ளிப் பாடத்தில் படித்த நினைவாக இருக்கலாம். ஆனால் அது சரியன்று. லூத்தரின் புதிய ஏற்பாடு 1522 செப்டம்பரிலும் முழு விவிலியம் 1534இலும் வெளிவந்தன. அதற்கு வெகு முன்பே, 1466இல், ஸ்ட்ராஸ்பர்கில் யோகான் மெண்டலின் முழு ஜெர்மன் விவிலியத்தை அச்சிட்டுவிட்டார். அது லத்தீனிலிருந்து சொல்லுக்குச் சொல் பெயர்க்கப்பட்டதால் படிக்கக் கரடுமுரடாக இருந்தது. லூத்தரோ எபிரேய, கிரேக்க மூலங்களிலிருந்து மக்கள் பேச்சுக்கு நெருக்கமாக மொழிபெயர்த்தார் என்பதே அவருடைய உண்மையான சிறப்பு. ஐயமிருப்போர் பவேரிய அரசு நூலகத்தின் இணையத் தொகுப்பில் 1466, 1483 ஆகிய ஆண்டுகளின் ஜெர்மன் விவிலியங்களைத் தேடிப் பார்க்கலாம். 1483இல் நியூரம்பர்கில் அந்தோன் கோபெர்கர் அச்சிட்ட பதிப்பு வெளிவந்தபோது லூத்தர் பிறக்கவே இல்லை, அவர் பிறந்தது அவ்வாண்டு நவம்பரில்தான்.