ஏசியில வை, ஏசியில வைன்னு சொல்றவங்க கவனத்துக்கு

"கேமராவை ஏசி ரூமில் வை, ஒன்றும் ஆகாது" என்று இனி யாராவது என்னிடம் சொன்னால் மரியாதை கெட்டுவிடும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று கடலை ஒட்டியே குடியிருந்து, கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் படம் எடுத்துப் பிழைக்கிற எங்களுக்கு முதல் எதிரியே அந்த ஏசிதான்.

கணக்கு ரொம்பச் சின்னது. வெளியே 30 டிகிரி, காற்றில் 80 சதவீத ஈரப்பதம். எங்கள் பக்கம் இதெல்லாம் சாதாரண சாயங்காலம். அந்தக் காற்று சுமார் 26 டிகிரிக்குக் கீழே இருக்கிற எதைத் தொட்டாலும் தண்ணீரை அதன் மேலேயே விட்டுவிட்டுப் போகும். கல்யாண மண்டபத்திலோ ஏசி 20-ல் ஓடுகிறது, பட்டுப்புடவைக்காரர்களுக்கு வியர்க்கக் கூடாதாம். 2020-லிருந்து வருகிற ரூம் ஏசிகள் சுவிட்ச் போட்டதும் 24-ல்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று அரசாங்கம் விதி போட்டது நல்ல விஷயம்தான், ஆனால் 24-ம் 26-க்குக் கீழேதானே ஐயா, எனக்கு அதிலும் விடிவு இல்லை.

உள்ளே மணிக்கணக்கில் ஜில்லென்று கிடந்த கேமராவோடு நிற்கும்போது வாசலில் பேண்டு அடிக்க ஆரம்பிக்கும். "அண்ணா, மாப்பிள்ளை வந்துட்டாரு, ஓடியாங்க!" ஓடுவேன். கண்ணாடிக் கதவைத் தாண்டியதும் லென்ஸ் வெள்ளையாகிவிடும். சட்டை நுனியால் துடைத்தால் துணி எடுப்பதற்குள் மறுபடி மூடிக்கொள்ளும். முன்பக்கம் மட்டும் என்றால் பரவாயில்லை, வியூஃபைண்டர் மங்கும், லென்ஸைக் கழற்றினால் பின்பக்கக் கண்ணாடியும் மங்கும், அதையும் மீறி உள்ளே இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில் பிறை வடிவத்தில் ஒரு மூட்டம் உட்கார்ந்திருக்கும் பாருங்கள், அதை எந்தத் துணியாலும் தொட முடியாது. படத்தில் மாப்பிள்ளை இருப்பார், முகம் இருக்காது. பக்கத்தில் ஒரு பையன், "இன்னாண்ணா, ஸ்மோக் எஃபெக்டா?" என்பான். பெண்ணின் சித்தி வருவார்: "இன்னா தம்பி, அட்வான்ஸ் வாங்கும்போது கேமரா நல்லாத்தானே இருந்துச்சு?"

விற்கும்போது என்ன சொன்னார்கள்? வெதர் சீல் சார், மழையிலும் எடுக்கலாம் சார். மழைச் சாரலைத் தடுக்கும், சரி. ஜூம் லென்ஸைத் திருகத் திருக அது நீளும், நீளும்போது உள்ளே காற்றை இழுக்கும், அந்தக் காற்றில் வருகிற ஈரத்தை எந்த ரப்பர் வளையம் தடுக்கும்? இதை யாரும் சொல்லவில்லை. சர்வீஸுக்குக் கொண்டுபோனால் முதல் கேள்வியே, "தண்ணியில விழுந்துச்சா சார்?" விழவில்லை. "அப்போ மழையில நனைஞ்சுதா?" இல்லையப்பா, காற்றிலிருந்து வந்தது என்றால் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! திருடிவிட்டு வந்தவனைப் போலீஸ் பார்ப்பது போல. கடைசியில் தண்ணீர் சேதம், வாரண்டி கிடையாது என்று எழுதிக் கையில் கொடுத்தார்கள்.

அதோடு முடிந்தால் சரி. எங்கள் காற்றில் உப்பு வேறு. கேமராவின் மேல் படிகிற உப்பே ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், பேட்டரி தொடுகிற இடத்தில், ஃபிளாஷ் மாட்டுகிற இடத்தில் பச்சைக் களிம்பு ஏறும். அப்புறம் ஃபங்கஸ். செல்போன் டார்ச்சை லென்ஸின் ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் பாருங்கள், ஓரத்திலிருந்து இழை இழையாகக் கிளை விட்டிருக்கும். அது விடுகிற அமிலம் கண்ணாடியின் பூச்சைத் தின்றுவிட்டால், அப்புறம் எவ்வளவு துடைத்தாலும் அந்தத் தடம் போகாது.

இதற்கு ஊரே வைத்தியர். அரிசி மூட்டைக்குள் வை என்கிறார்கள், அரிசி மாவுத் தூசியும் ரேஷன் வண்டும் லென்ஸுக்குள் குடித்தனம் நடத்தட்டும் என்று. ஹேர் டிரையர் பிடி என்கிறார்கள், ஈரத்தை இன்னும் உள்ளே தள்ள. செருப்பு டப்பாவில் வந்த சிலிக்கா ஜெல் பொட்டலத்தைப் பைக்குள் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்களும் உண்டு. அது எப்போதோ குடிக்கிற தண்ணீரைக் குடித்து முடித்திருக்கும். நிறம் மாறுகிற ஜெல்லை வாங்குங்கள், நீலம் ரோஸ் ஆனால் சூடாக்கிக் காயவைத்துத்தான் திரும்பப் போட வேண்டும். கேமராவை 40-லிருந்து 50 சதவீத ஈரப்பதத்தில் வைக்கிற டிரை கேபினெட் என்கிற பெட்டி நல்லதுதான், ஆனால் அது வீட்டில் இருக்கிறது, நான் மண்டப வாசலில் அல்லவா நிற்கிறேன்!

கோபம் எதில் என்றால், டேப் ஓடிய காலத்து வீடியோ கேமராக்களில் ஈரம் பிடித்தால் கண்டுபிடிக்க ஒரு சென்சார் இருந்தது. திரையில் எச்சரிக்கை போட்டுவிட்டு, காயும் வரை ஓட மாட்டேன் என்று அடம் பிடிக்கும். பழைய வீடியோக்காரர்களைக் கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார்கள். இன்று லட்சம் கொடுத்து வாங்கிய என் கேமரா பறக்கிற பறவையின் கண்ணைக் கண்டுபிடிக்கிறது, தன் வயிற்றில் தண்ணீர் கோத்திருப்பது அதற்குத் தெரியவில்லை.

வழி இருக்கிறது, மேனுவலிலேயே போட்டிருக்கிறான். ஏசிக்குள் இருக்கும்போதே கேமராவை ஜிப் கவரில் போட்டு, காற்றை வெளியேற்றி மூடி, வெளியே எடுத்து வந்து, அது வெளிச் சூட்டுக்கு வரும் வரை திறக்காமல் இருக்க வேண்டும். தண்ணீர் கவர் மேல் படியும், கேமரா தப்பிக்கும். பெரிய லென்ஸ் என்றால் அரை மணி, ஒரு மணி நேரம் கூட ஆகும். அதுவரை மாப்பிள்ளையைக் காரிலேயே உட்காரச் சொல்லவா? ராகு காலம் வந்துவிடும், சித்தி என்னைச் சும்மா விடுவாரா?

அதனால் இப்போது இன்னொரு கேமரா பாடியை வாடகைக்கு எடுத்து, ஏசி இல்லாத பந்திக் கூடத்தில் உதவிப் பையன் கழுத்தில் தொங்கவிட்டு வைக்கிறேன். அந்த வாடகை கொட்டேஷனில் தனி வரியாக வரும். "ஒரு கல்யாணத்துக்கு இன்னாத்துக்குப்பா ரெண்டு கேமரா" என்று பேரம் பேசுகிறவர்கள், முதலில் மண்டபத்துக்காரரிடம் போய் ஏசியைக் குறைக்கச் சொல்லிவிட்டு வாருங்கள், அப்புறம் பேசலாம்.