அழித்துவிட்டு மறுபடி போடச் சொல்லாதீர்கள்

ரிதம்பாக்ஸ் என்ற லினக்ஸ் மியூசிக் பிளேயரில் பாட்டு வரிகளைக் காட்டும் ப்ளகின் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்) சரியாக ஓடவில்லை என்ற விஷயத்தில் நேற்று நடந்ததை இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. "லாக் (நிரல் ஓடும்போது எழுதும் குறிப்பு) இருந்தால் போடுங்கள்" என்று பொறுமையாகக் கேட்ட, அந்த ப்ளகினை எழுதியவருக்குத் திமிர் பிடித்தவர் என்று பெயர். "ஃபோல்டரையே அழிச்சிட்டு ரீஇன்ஸ்டால் பண்ணுங்க" என்றவருக்கு வரிசையாக நன்றி.

ரீஇன்ஸ்டால் செய்வது பிழை திருத்துவது ஆகாது. அது தடயத்தை அழிப்பது.

ரீஇன்ஸ்டால் செய்தால் மாறுவது சிஸ்டத்துக்குள் இருக்கும் பிளேயரின் ஃபைல்கள் மட்டும்தான். நாமாக இறக்கிப் போட்ட ப்ளகின் ஹோம் ஃபோல்டரில் மறைந்திருக்கும் டாட் லோக்கல், அதற்குள் ஷேர், அதற்குள் ரிதம்பாக்ஸ், அதற்குள் ப்ளகின்ஸ் என்ற இடத்தில் இருக்கிறது. ரீஇன்ஸ்டால் அதைத் தொடுவதில்லை. பழைய பிழை அப்படியே உட்கார்ந்திருக்கும்.

"எனக்கு ரீஇன்ஸ்டாலில் சரியாச்சே" என்று உடனே வருவீர்கள். சரியாகியிருக்கும். ஆனால் பிளேயரை மூடித் திறந்ததே போதுமாக இருந்திருக்கும். ப்ளகின் எழுதப்பட்ட மொழியான பைதான், ஒரு மாட்யூலை (கோடு இருக்கும் ஃபைலை) ஒருமுறை ஏற்றிவிட்டால் நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். ப்ளகின் ஃபைலைத் திருத்திவிட்டு, செட்டிங்கில் டிக்கை எடுத்து மறுபடி போட்டாலும் ஓடுவது பழைய கோடுதான். முழுதாக மூடித் திறந்தால்தான் புதியது வரும். ஐந்து விநாடி வேலை.

"எல்லாருக்கும் டெர்மினல் (கட்டளைகளை எழுத்தில் அடிக்கும் ஜன்னல்) தெரியுமா?" இதுதான் நேற்று அதிகம் வந்த கேள்வி. ஒரே ஒரு வரிங்க. முதலில் பிளேயரை மூடுங்கள். அது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் புதிதாகத் திறக்காது, பழைய ஜன்னலையே முன்னால் கொண்டுவந்து காட்டும், லாக் வராது. பிறகு டெர்மினலில் ரிதம்பாக்ஸ் என்று ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு, ஹைஃபனும் சின்ன டி-யும். லாக் வெள்ளமாகக் கொட்டினால் சின்ன டி-க்குப் பதில் பெரிய டி போட்டு, பக்கத்தில் ப்ளகின் பெயரைக் கொடுங்கள். அது தொடர்பானது மட்டும் வரும். சிக்கல் வரும்வரை ஓடவிட்டு, கடைசி முப்பது வரியை ஒட்டுங்கள். ஃபோல்டரைத் தேடிப் பிடித்து அழிக்கத் தெரிந்தவருக்கு இது முடியாதா?

அந்த லாக் வரிகளில்தான் எல்லாம் இருக்கிறது. இம்போர்ட் எரர் என்றால் தேவையான மாட்யூல் இல்லை. பிரின்ட் இருக்கும் வரியில் சின்டாக்ஸ் எரர் என்றால் பெரும்பாலும் அது பைதான் 2 காலத்துக் கோடு. அந்தப் பைதானுக்கு 2020 தொடக்கத்திலேயே ஆதரவு நின்றுவிட்டது. சில பாட்டுக்கு மட்டும் பாட்டு வரிகள் காலியாக வருகிறதா? தலைப்பில் ஆம்பர்சண்ட் (&) குறி இருக்கிறதா பாருங்கள். எஸ்கேப் செய்யாமல் (அது சாதாரண எழுத்துதான் என்று குறிக்காமல்) மார்க்கப்பாக (வடிவமைப்புக் குறிகள் கொண்ட எழுத்தாக) கொடுத்தால், ஜன்னல்களை வரையும் ஜிடிகே அதைப் படிக்க முடியாமல் எச்சரிக்கையை லாக்கில் எழுதிவிட்டு லேபிளை அப்படியே விட்டுவிடும். எத்தனை முறை ரீஇன்ஸ்டால் செய்தாலும் அந்தப் பாட்டுக்கு வரி வராது.

பாட்டு ஓடுகிறது, ஜன்னல் மட்டும் உறைந்து நிற்கிறது என்றால் ப்ளகின் இணையத்துக்குப் போய்வரும் வேலையை மெயின் லூப்பிலேயே (ஜன்னலை இயக்கும் முக்கிய ஓட்டத்திலேயே) செய்கிறது. ஒலி தனி த்ரெட்டில் (இணையாக ஓடும் வேலை ஓட்டத்தில்) போவதால் அது நிற்பதில்லை. வேறு த்ரெட்டுக்கு மாற்றினால் போதும் என்று நினைத்து, அங்கிருந்தே ஜன்னலைத் தொட்டால் காரணமே தெரியாமல் செயலிழக்கும். ஐடில் ஆட் (மெயின் லூப்பிடம் வேலையை ஒப்படைக்கும் ஃபங்ஷன்) வழியாகத்தான் திரும்பி வர வேண்டும். அதில் கொடுக்கும் ஃபங்ஷன் ட்ரூ என்று திருப்பினால் ஓயாமல் ஓடி சிபியுவைத் தின்னும். ஒரே பாட்டுக்கு வரிகளை மூன்று முறை தேடுகிறதா? டிஆக்டிவேட்டில் (ப்ளகினை நிறுத்தும்போது ஓடும் பகுதியில்) சிக்னலை (பாட்டு மாறியது போன்ற அறிவிப்பைப் பெறும் இணைப்பை) துண்டிக்க மறந்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறை டிக் போடும்போதும் இன்னொரு இணைப்பு சேருகிறது.

"எழுதினவர் ஒழுங்கா எழுதியிருக்கணும்" என்கிறீர்கள். சரி, பிழை அவருடையதுதான். ஆனால் அவர் கணினியில் அது வரவில்லையே. உங்கள் கணினியில் என்ன நடந்தது என்று நீங்கள் சொல்லாமல் அவருக்கு எப்படித் தெரியும்? காசு வாங்காமல், தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு எழுதித் தருபவர் முப்பது வரி கேட்டதற்கு அத்தனை வசவு. நேற்றிலிருந்து மனசு ஆறவில்லை. அவர் இனி பதில் சொல்ல வராவிட்டால் அந்த ப்ளகினை யார் பார்த்துக்கொள்வார்கள்?

இதையெல்லாம்விட எனக்கு வலிப்பது ஒன்று. அந்த யோசனையைக் கேட்டு ஒருவர் ரிதம்பாக்ஸ் ஃபோல்டரை மொத்தமாக அழித்திருக்கிறார். ரிதம்டிபி டாட் எக்ஸ்எம்எல் அதற்குள்தான் இருக்கிறது. ஒவ்வொரு பாட்டுக்கும் கொடுத்த நட்சத்திரம், எத்தனை முறை கேட்டோம் என்ற கணக்கு எல்லாம் அதில். பிளேலிஸ்ட் ஃபைலும் அதே ஃபோல்டர். ஆண்டுக்கணக்கில் சேர்ந்தது.

அவர் இதைப் படித்தால்: குப்பைத்தொட்டியை இன்னும் காலி செய்யாதிருந்தால் அந்த ஃபோல்டர் அங்கே இருக்கும். முதலில் பிளேயரை மூடுங்கள். ஓடும்போது திருப்பி வைத்தால் மூடும் சமயத்தில் தன்னிடமுள்ள புதிய காலிப் பட்டியலை அதன்மேல் எழுதிவிடும். மூடிய பிறகு ரிதம்டிபி, பிளேலிஸ்ட் என்ற பழைய இரண்டு எக்ஸ்எம்எல் ஃபைல்களையும் அதே இடத்தில் வைத்து, வேறிடத்தில் ஒரு பிரதியும் எடுத்துக்கொண்டு திறங்கள்.